முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கான நிதியுதவி: எதை எப்போது எப்படிப் பெறுவது?

தமிழ்நாட்டில் முதுநிலைப் படிப்பிலோ முனைவர் பட்ட ஆய்விலோ புதிதாகச் சேருகிற மாணவர்கள் நிதியுதவி பற்றி முதலில் கேட்பது, எந்த உதவித்தொகை அதிகம் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அந்த உதவிக்கான தகுதி எந்த நாளை வைத்து முடிவு செய்யப்படுகிறது என்பது ஒன்று. தேர்வானபின் முதல் தவணை வங்கிக்கணக்கிற்கு வந்து சேர எத்தனை மாதமாகும் என்பது மற்றொன்று. தகுதி பல நேரங்களில் சேர்க்கைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பணமோ சேர்ந்து ஒரு பருவம் கழிந்தபிறகுதான் வரத் தொடங்குகிறது. இந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டவர் சிரமப்படுவதில்லை. இக்கட்டுரை அந்தக் கால வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: சான்றிதழ்களும் வங்கிக்கணக்கும்

சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல், இறுதியாண்டு இளநிலைத் தேர்வு முடிந்த கையோடு ஆவணங்களைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவது நல்லது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று வருகிறது. விண்ணப்பக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பதால் தாமதம் ஆகிறதே தவிர, அதற்கு முன்பே போனவருக்கு இது பெரிய வேலையில்லை. பல உதவித்தொகைகளுக்கு ஆண்டுதோறும் புதிய வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அரசின் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் கையில் இருப்பதனாலேயே மத்திய அரசின் உதவித்தொகைகளில் இட ஒதுக்கீடு கிடைத்துவிடாது. அதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோருள் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) சான்றிதழ் தனியாக வேண்டும்; அதுவும் நடப்பு நிதியாண்டுக்குச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பின்போது மாநிலச் சான்றிதழை நீட்டுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

அடுத்தது பெயர். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நம்மூர் மாணவர்களின் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு முதலெழுத்தைப்போல வேறொன்று காரணமாவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முருகன் கு’ என்றும், ஆதாரில் ‘முருகன் குமாரசாமி’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ‘கு.முருகன்’ என்றும் ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது நமக்கு இயல்பு. கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பெரும்பாலான இணையதளங்கள் ஆதாரில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொள்வதால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொண்டு, அதன்பின் வங்கிக்கணக்கை அதற்கேற்ப மாற்றுவதுதான் எளிய வழி.

வங்கிக்கணக்கில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கணக்கோடு ஆதார் எண்ணை இணைத்திருப்பதும், அரசு நேரடியாகச் செலுத்தும் பணத்தைப் பெறும் கணக்காக அது தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. பின்னது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குக்குத்தான் உண்டு. பள்ளிக்காலத்தில் தொடங்கிப் பிறகு மறந்துபோன கணக்கு அந்தப் பதிவேட்டில் இருந்தால், இப்போதைய உதவித்தொகையும் அங்கேதான் போகும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து, எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடவும்.

இரண்டாம் படி: எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். மாணவர்கள்

இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேருபவர் முதலில் பார்க்க வேண்டியது தேசிய உதவித்தொகை இணையதளம். அதில் ஒருமுறைப் பதிவு என்னும் முறையில் 14 இலக்க எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், படிப்புக்காலம் முழுவதும் அதையே பயன்படுத்தலாம். யு.ஜி.சி. வழங்கும் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை இங்கேதான் விண்ணப்பிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்கு, மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதங்கள் என்று இரண்டாண்டுகளுக்கு இது வழங்கப்படுகிறது. இடங்களில் 30 விழுக்காடு பெண்களுக்குரியது. இளநிலை மதிப்பெண்ணின் அடிப்படையில் தேர்வு நடக்கிறது. முன்பு ஒற்றைப் பெண் குழந்தைகளுக்கும் பல்கலைக்கழகத் தரவரிசை பெற்றவர்களுக்கும் தனித்தனியாக இருந்த திட்டங்கள் இதனுள் சேர்க்கப்பட்டுவிட்டதால், பழைய பெயரில் தேடினால் கிடைக்காது. முதலாமாண்டு மாணவர்கள்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும்; தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு இது கிடையாது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் அடங்கிய இந்த உதவி தகுதியுள்ள அனைவருக்குமான உரிமை. போட்டித் தேர்வின் மூலம் வழங்கப்படுவதன்று. எனவே மதிப்பெண் குறைவு என்று தயங்கி விண்ணப்பிக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. தமிழ்நாட்டில் இதற்கான விண்ணப்பம் கல்லூரியின் வழியாக, மாணவரின் யுமிஸ் எண்ணோடு (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் இணையப் பதிவேட்டு எண்ணோடு) இணைத்துச் செல்கிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரி உதவித்தொகைப் பிரிவு எழுத்தரைப் பார்த்து அந்த எண் உருவாகியிருக்கிறதா என்று கேட்டுவிடவும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கான மாநில உதவித்தொகைக்கும் அதே மேசைதான்.

முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். அது இளநிலைத் தொழிற்படிப்புகளுக்கான கட்டணச் சலுகைக்கு உரியது; முதுநிலையில் அதைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது.

மூன்றாம் படி: எம்.இ., எம்.டெக். மாணவர்கள்

இங்கே ஒரே ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: பொறியியல் முதுநிலைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு எழுதித் தேறியிருக்கிறீர்களா என்பதுதான் அது. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் கேட் தகுதியோடு முழுநேர மாணவராகச் சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய், படிப்புக்காலம் முழுவதும், அதிகபட்சம் 24 மாதங்கள் வழங்கப்படுகிறது. அதே வகுப்பில் பக்கத்து இருக்கையில், மாநில நுழைவுத்தேர்வின் வழியாகச் சேர்ந்தவருக்கு இத்தொகை இல்லை. இரண்டாண்டில் இருவருக்குமான வேறுபாடு ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். சேர்க்கையின்போதே தகுதி இருக்க வேண்டும். சேர்ந்தபின் அடுத்த பிப்ரவரியில் கேட் எழுதித் தேறினாலும் பயனில்லை. மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும் என்பதால், இளநிலை இறுதியாண்டுக்கு முன்பே ஒருமுறை எழுதிவிடுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

சேர்ந்தவுடன் நிறுவனம் உங்களுக்கான மாணவர் அடையாள எண்ணை உருவாக்கித் தர, அதைக்கொண்டு நீங்கள் ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். நிறுவனம் அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதற்கான கடைசி நாள் கடந்துவிட்டால் கேட் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் உதவாது. வங்கிக்கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்காக இருக்க வேண்டும். பெற்றோருடனான கூட்டுக்கணக்கோ, வரவுக்கு உச்சவரம்புள்ள கணக்கோ ஏற்கப்படாது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் உங்கள் வருகையை நிறுவனம் உறுதிசெய்தால்தான் அந்த மாதத் தொகை விடுவிக்கப்படும்.

ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இதே தொகை கற்பித்தல் உதவியாளர் பணியோடு இணைந்தது. வாரத்திற்கு எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ விடைத்தாள் திருத்துவதிலோ பேராசிரியருக்கு உதவ வேண்டியிருக்கும்.

நான்காம் படி: முனைவர் பட்ட ஆய்வாளர்கள்

முனைவர் பட்டத்திற்கு முழுநேரமா, பகுதிநேரமா என்று பதிவுப் படிவத்தில் குறிக்கும் அந்த ஒரு சதுரமே முதல் நிதி முடிவு. பகுதிநேர ஆய்வாளருக்கு அநேகமாக எந்த ஆய்வு உதவித்தொகையும் கிடையாது. தனியார் கல்லூரியில் சிறு சம்பளத்திற்குப் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவதா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பதிவதா என்னும் குழப்பத்தில் இருப்பவர், கீழே சொல்லப்படும் தொகைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இவற்றில் முதன்மையானது ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. கலை, சமூக அறிவியல், மொழிப் பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வும், அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) - யு.ஜி.சி. நெட் தேர்வும் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகின்றன. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டதும் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மொத்தக் காலம் ஐந்தாண்டுகள். இதனோடு விடுதி வசதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப் படியும், நூல், பயணம், ஆய்வகப் பொருள் முதலியவற்றுக்கான இதரச் செலவுத் தொகையும் உண்டு. யு.ஜி.சி. விதிப்படி இந்த இதரச் செலவுத் தொகை கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் பின்னர் 20,500 ரூபாயும் ஆகும். அறிவியல் பாடங்களுக்கு 12,000 ரூபாயும் 25,000 ரூபாயும் ஆகும்.

ஜே.ஆர்.எஃப். பெற வயது வரம்பு 30. பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவுகள் மூன்று நிலைகளில் வெளியாகின்றன: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. பின்னிரண்டில் தேறியவர்களுக்கும் ‘நெட் தேர்ச்சி’ என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் பணம் முதல் நிலைக்கு மட்டுமே. மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்வும் கற்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. அதற்கும் உதவித்தொகைக்கும் தொடர்பில்லை.

ஜே.ஆர்.எஃப். விருதுக் கடிதம் கிடைத்தபின் நடப்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முழுநேர ஆய்வாளராகப் பதிவுசெய்தபின், சேர்ந்த நாளைக் குறிப்பிடும் சேர்க்கை அறிக்கையை நெறியாளர், துறைத் தலைவர், பதிவாளர் ஆகியோரின் கையொப்பத்தோடு அளிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் உள்ள ஓர் அலுவலர் உங்கள் விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவார். மேலுள்ள இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார். முன்னவரை ‘மேக்கர்’ என்றும் பின்னவரை ‘செக்கர்’ என்றும் அலுவலகத்தில் சொல்வார்கள். முதல் பதிவோடு இது முடிந்துவிடுவதில்லை. நீங்கள் ஆய்வைத் தொடர்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு மாதமும் இவ்விருவரும் உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் விடுப்பில் போய்விட்டால், அல்லது துறையிலிருந்து வருகைச் சான்று உரிய தேதிக்குள் போய்ச் சேராவிட்டால், அந்த மாதம் விட்டுப்போகும். விட்டுப்போனது பின்னர் நிலுவையாகச் சேர்ந்து வரும், ஆனால் வீட்டு உரிமையாளர் நிலுவைக்காகக் காத்திருப்பதில்லை. எனவே இவ்விரு அலுவலர்கள் யார் என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டு, வருகைச் சான்றை மாத இறுதியில் கேட்டு வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வீட்டு வாடகைப் படி கோருபவர், விடுதியில் இடம் ஒதுக்கப்படவில்லை என்னும் சான்றையும் இணைக்க வேண்டும்.

இரண்டாண்டு முடியும் தறுவாயில் வல்லுநர் குழு ஒன்று ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிட்டுப் பரிந்துரைத்தால்தான் 42,000 ரூபாய் நிலைக்கு உயர்வு கிடைக்கும். அந்தக் குழுவைக் கூட்டுவதற்குத் தேதி பிடிப்பதே பெரும்பாடு என்பதால், இரண்டாண்டு நிறைவதற்குச் சில மாதங்கள் முன்பே நெறியாளரிடம் நினைவூட்டுவது தவறாகாது.

ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கான வழிகள்

ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை என்பதால் முழுநேர ஆய்வைக் கைவிட வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி, ஓ.பி.சி. ஆய்வாளர்களுக்குத் தனித்தனியே தேசிய ஆய்வு உதவித்தொகைகள் உள்ளன. அவற்றின் தேர்வு முறையும் அறிவிப்புக் காலமும் வேறுவேறு என்பதால் தனித்தனியாகவே பின்தொடர வேண்டும். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு, முழுநேர முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தகுதித் தேர்வு நடத்தி வழங்கும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் முனைவர் பட்ட உதவித்தொகை இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் வேறு உதவி பெறாத முழுநேர ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் வழங்கும் முறை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. இந்த 8,000 ரூபாய் நகரத்தில் விடுதிச் செலவுக்கும் பற்றாது. ஆயினும் அடுத்த நெட் தேர்வு வரை தாக்குப்பிடிக்க உதவும்.

நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் ஆய்வாளராகச் சேருவது இன்னொரு வழி. அதில் தொகை நன்றாகவே இருக்கும். ஆனால் அது திட்டத்தின் ஆயுளோடு கட்டுண்டது. மூன்றாண்டுத் திட்டத்தின் இரண்டாமாண்டில் நீங்கள் சேர்ந்தால், உங்கள் ஆய்வேடு பாதியில் நிற்கும்போது பணம் நின்றுவிடும். சேருவதற்கு முன் திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, அத்திட்டப் பணியையே ஆய்வேட்டின் பகுதியாக எழுதலாமா என்னும் இரண்டையும் நெறியாளரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். “ஐயா, திட்டம் முடிந்தபிறகு எனக்கு என்ன வழி?” என்று கேட்பதை எந்த நல்ல நெறியாளரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாம் படி: கல்விக்கடன்

மேற்கண்டவற்றில் எதுவும் போதாதபோதுதான் கடனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதுநிலைத் தொழிற்படிப்புகளுக்கு, குறிப்பாக எம்.பி.ஏ., எம்.இ. போன்றவற்றுக்கு, இது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கு வழக்கமாகப் பிணை வேண்டும். நான்கு லட்சம் வரை முழுத் தொகையும் கடனாகக் கிடைக்கும். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காட்டை மாணவர் தரப்பில் போட வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள குறிப்பிட்ட நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருபவருக்குப் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் வழங்கப்படுகிறது. குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருந்து, அரசின் வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவருக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் சலுகைக் காலத்திற்கு (தவணை கட்டத் தேவையில்லாத, படிப்பும் அதன்பின் ஓராண்டும் அடங்கிய காலத்திற்கு) 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்பது இதன் வரம்பு. வருமானம் 4.5 லட்சத்திற்குள் இருந்து தொழிற்படிப்பு படிப்பவருக்குச் சலுகைக் கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இச்சலுகைகள் இல்லை. உங்கள் கல்லூரி பி.எம். வித்யாலட்சுமி பட்டியலில் இருக்கிறதா என்பதை வங்கிக்குப் போவதற்கு முன்பே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும்.

படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைப் பலர் வட்டியே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். மானியம் கிடைக்காத கடனில் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஐந்து லட்சம் ரூபாயை 10 விழுக்காட்டு வட்டியில் முழுவதுமாகத் தொடக்கத்திலேயே பெற்றதாக வைத்துக்கொண்டால், இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டுச் சலுகையும் முடியும்போது தனிவட்டி மட்டும் ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கும். முடிந்த மாதங்களில் வட்டியை மட்டுமாவது கட்டிவிட்டால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும். தொகையையும் பருவவாரியாகக் கட்டணம் செலுத்தும்போது மட்டும் விடுவிக்கச் சொல்லலாம்.

விண்ணப்பத்தோடு சேர்க்கைக் கடிதம், நிறுவனத்தின் கட்டண விவரம், மதிப்பெண் சான்றிதழ்கள், பெற்றோரின் வருமான ஆவணங்கள் ஆகியவற்றை வைக்க வேண்டும். இணைக் கடனாளியான தந்தைக்கோ தாய்க்கோ பழைய நகைக்கடன், வண்டிக் கடன் தவணைகளில் பாக்கியிருந்தால் அவர்களின் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்களா என்பதைக் காட்டும் மதிப்பெண்) பாதிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்துவிடவும். விண்ணப்பத்தை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கவும். அது இருந்தால்தான் மேலதிகாரியிடம் முறையிட முடியும்.

இரண்டு உதவிகளை ஒன்றாகப் பெறலாமா?

மாதந்தோறும் வழங்கப்படும் ஆய்வு உதவித்தொகைகளில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பெற முடியும். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டிருக்கையில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், புதியதில் சேரும் நாளுக்கு முன் பழையதிலிருந்து விலகல் கடிதம் கொடுத்து, அதுவரை பெற்ற தொகை பற்றிய சான்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் இரண்டும் கணக்கில் விழுந்துவிட்டால், அதைச் செலவிடாமல் உடனே எழுத்தில் தெரிவித்துத் திருப்பிச் செலுத்துவதே பாதுகாப்பு. பின்னர் ஆய்வேடு சமர்ப்பிக்கும் வேளையில் நிலுவையின்மைச் சான்று கேட்கப்படும்போது இந்தப் பிடித்தம் முன்னால் வந்து நிற்கும். நுழைவுத்தேர்வு, மாநாடு ஆகியவற்றுக்கு ஒருமுறை வழங்கப்படும் சிறு உதவிகள் பொதுவாக இவ்விதியில் வருவதில்லை. ஆயினும் திட்டத்தின் விதிமுறையைப் படித்துப் பார்த்தே பெறவும்.

முதல் ஆறு மாதங்களுக்கான விடுதி, உணவு, கட்டணச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருவது நல்லது; குடும்பத்திலோ நண்பரிடமோ வாங்குவதாக இருந்தால், நிலுவைத் தொகை ஒரே தவணையாக வரும்போது அந்தக் கடனைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஆய்வு உதவித்தொகைகளில் பெரும்பாலானவை ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளோடு, அல்லது காலவரம்பு முடியும் நாளோடு, எது முந்தியதோ அதோடு நின்றுவிடும். அதற்குப்பின் வாய்மொழித் தேர்வு வரை சில மாதங்கள் வருமானமின்றிக் கழியும் என்பதால், கடைசி ஆண்டில் கிடைக்கும் 42,000 ரூபாயில் மாதந்தோறும் ஒரு பகுதியை அந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வைக்கவும்.